சிறுவர் இலக்கியமும் வேவுப்படையும்

கதை நூலொன்றைச் சிறுவர் கையிற் கொடுக்குமுன் நாம் சற்றே தயங்குகின்றோம். அதில் வரும் அரசன் யார், அரக்கன் யார், ஏழைக்கு அங்கே என்ன இடம், பெண்ணுக்கு என்ன இடம் என்று புரட்டிப் பார்க்கின்றோம். ஆனால் 'அறிவு நூல்' என்ற முத்திரையோடு வரும் புத்தகத்தை அவ்வாறு நாம் ஆராய்வதில்லை. எண்ணும் படமும் நிறைந்த நூல் பொய் சொல்லாது என்பது நம்மிற் பலரது நம்பிக்கை. அதில் உள்ள எண்கள் பெரும்பாலும் மெய்யே. ஆயினும், மெய்யான சிறு செய்திகளை அடுக்கியே ஒரு பெரிய மெய்யை மறைத்துவிடவும் இயலும். இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, இராணுவங்களின் வேவு அணிகளைப் பற்றிச் சிறுவர்க்கென எழுதப்படும் நூல்கள்.

மலையகத்துப் பாடசாலைகள் சிலவற்றின் நூலகங்களுக்குப் புத்தகம் வருவது விலைகொடுத்து அன்று, அன்பளிப்பாக. வெளிநாட்டுப் பாடசாலைகள் கழித்துவிட்ட ஆங்கில நூல்கள் பெட்டிகளில் வந்து சேர்கின்றன. அவற்றிடையே அமெரிக்கப் பதிப்பகங்கள் பாடசாலை நூலகங்களுக்கென்றே வெளியிட்ட படை வரிசை நூல்களும் உண்டு. மரீன் வேவுப் பிரிவு, றேஞ்சர் படை, கடற்படைச் சீல்கள் என்று படைப்பிரிவுக்கு ஒரு நூல். முப்பது பக்கத்துக்கு மேற்போகாத மெல்லிய நூல்கள். பக்கந்தோறும் வண்ணப் படம். படத்தின் கீழ் நான்கைந்து எளிய வாக்கியங்கள். வாசிப்பில் நாட்டமில்லாத பையனையும் பிடித்து இழுத்து உட்கார வைக்கும் வகையில் அவை ஆக்கப்பட்டுள்ளன. அந்த வகையில் அவற்றின் தொழில் நேர்த்தியைக் குறை சொல்வதற்கில்லை.

அந்நூல்களில் என்ன இருக்கின்றது? வீரன் எவ்வாறு தேர்ந்தெடுக்கப்படுகின்றான், எத்தனை கல் நடக்கின்றான், முதுகிலே எவ்வளவு பாரம் சுமக்கின்றான், முகத்திலே பச்சை மை எப்படிப் பூசுகின்றான், இருளிற் காணும் கண்ணாடி எவ்வாறு வேலை செய்கின்றது என்ற விபரங்கள் எல்லாம் உண்டு. எதிரியின் நிலத்துக்குள் ஓசையின்றிப் புகுந்து, பார்த்து, குறித்து, திரும்பி வருவதே வேவு என்ற விளக்கமும் உண்டு. இல்லாதது ஒன்றே. அந்த 'எதிரியின் நிலத்தில்' யார் வாழ்கின்றார்கள்? படங்களிலே காடு இருக்கின்றது, பாலைவனம் இருக்கின்றது, ஆறு இருக்கின்றது. ஆனால் அடுப்பு மூட்டும் தாய் இல்லை. ஆடு மேய்க்கும் சிறுவன் இல்லை. வயலுக்குப் போகும் உழவன் இல்லை. ஆள் இல்லாத நிலத்தை வேவு பார்க்க எந்த அரசும் படை அனுப்புவதில்லை என்ற எளிய உண்மையை அந்நூல்களிலிருந்து ஒரு பிள்ளை அறிந்துகொள்ள வழியில்லை.

இது தற்செயலான குறை அன்று. இவ்வகை எழுத்தின் பிறப்போடேயே வந்த குறை. அதை உணர இவ்வகையின் மூல நூலுக்குப் போக வேண்டும்.

1899ஆம் ஆண்டில் பிரித்தானியத் தளபதி பேடன் பவல், படைவீரர்க்கு வேவுத்தொழில் கற்பிக்கும் சிறு கைநூலொன்றை வெளியிட்டார். அடிச்சுவடு பார்த்தல், மறைந்து நகர்தல், நிலத்தின் அமைப்பை மனத்திற் பதித்தல் முதலியன அதன் பொருள். ஆபிரிக்காவிலும் இந்தியாவிலும் பேரரசின் படைகளோடு பணிபுரிந்து பெற்ற அநுபவமே அதற்கு முதல். 1896இல் மற்றபெலே மக்களின் எழுச்சியை அடக்கிய போரில் வேவு பார்த்தவர் அவர். தமது நாட்டை மீட்கக் கிளர்ந்த ஒரு மக்கட் கூட்டத்தின் மலைகளையும் குகைகளையும் உளவறிந்த கலை அது என்பதை நாம் மறத்தலாகாது. படைவீரர்க்கெழுதிய அந்நூலை இங்கிலாந்தில் ஆசிரியர்களும் சிறுவர்களும் விரும்பிப் படிக்கத் தொடங்கினர். அது கண்டு, 1907 ஓகஸ்டில் பிரவுன்சீ என்னும் தீவிற் சிறுவர் பாசறையொன்றை நடத்திப் பார்த்தார் பேடன் பவல். அதன் பின் 1908இல், சிறுவர்க்கென்றே புதிதாக எழுதிய நூலை, இரு வாரத்துக்கு ஒன்றாக ஆறு பகுதிகளில் வெளியிட்டார். 'சிறுவர்க்கான சாரணியம்' எனத் தமிழிற் கூறத்தக்க அந்நூலே உலகெங்கும் பரந்த சாரணர் இயக்கத்தின் வித்து.

அந்நூலின் நிறைகளை முதலிற் கூறுவதே நேர்மை. பாடப்புத்தகமே உலகம் என்றிருந்த காலத்திற் சிறுவனை வெளியிலே அழைத்துச் சென்ற நூல் அது. மரத்தையும் பறவையையும் விண்மீனையும் பார்க்கக் கற்பித்தது. தானே சமைக்கவும், காயத்துக்குக் கட்டுப் போடவும், நீரில் விழுந்தவனைக் காப்பாற்றவும் பயிற்றியது. போதனை நெடியின்றி, தீ மூட்டி அதைச் சுற்றியிருந்து கதை சொல்வது போன்ற நடை. எந்தச் சாரணனும் இன்னொரு சாரணனுக்குச் சகோதரன், அவன் எவ்வகுப்பினனாயினும் சரி என்ற விதியும் அதில் உண்டு. பின்வந்த காலத்தில் நம் நாட்டிலும் பிற நாடுகளிலும் அவ்வியக்கத்தினர் ஆற்றிய தொண்டுகளை மறுக்க வேண்டியதில்லை. நமது விமர்சனம் இயக்கத்தின் மீதன்று. நூலின் பார்வை மீது.

அப்பார்வை எத்தகையது? நூலின் தொடக்கத்திலேயே சிறுவனுக்கு முன்மாதிரியாக நிறுத்தப்படுபவர்களில் ஒருவன், கிப்ளிங்கின் 1901ஆம் ஆண்டு நாவலின் நாயகனாகிய கிம். ஐரிஷ் படைவீரன் ஒருவனின் அநாதை மகன். லாகூர்த் தெருக்களில் வளர்ந்து, அம்மக்களின் மொழியும் உடையும் பழக்கமும் தனதாக்கிக்கொண்டு, பின்னர் அவற்றையே கருவியாக்கிப் பேரரசுக்கு உளவு பார்க்கும் சிறுவன். ஒரு தட்டிலே இருபதுக்கு மேற்பட்ட சிறு பொருள்களைப் பரப்பி, ஒரு நிமிடம் காட்டி மூடி, நினைவிலிருந்து எழுதச் சொல்லும் விளையாட்டை இன்றும் நம் பாடசாலைகளில் ஆடுகின்றோம். அது கிம்மின் உளவுப் பயிற்சியிலிருந்து வந்தது. விளையாட்டு நல்ல விளையாட்டே. ஆயின், தன்னை வளர்த்த தெருவின் அன்பை, அத்தெருவை ஆள்வோருக்கான தகவலாக மாற்றுவதுதான் புத்திசாலித்தனம் என்ற கருத்து அதோடு சேர்ந்தே சிறுவனுக்கு ஊட்டப்படுகின்றது.

சாரண விதிகளைப் பாருங்கள். 1908ஆம் ஆண்டின் மூல வடிவில், சாரணன் விசுவாசம் காட்ட வேண்டியவர்களின் வரிசையில் அரசரும் அதிகாரிகளும் நாடும் வருகின்றனர். அவர்களோடு வேலை கொடுப்போரும் வருகின்றனர். அவர்களை இகழ்ந்து பேசுவோருக்கெதிராகவும் சாரணன் உறுதியாய் நிற்க வேண்டும் என்பது விதி. பெற்றோரும் கீழ்ப்பணிபுரிவோரும் அவ்வரிசையிற் சேர்க்கப்பட்டது பின்வந்த திருத்தத்திலேதான். ஒரு சிறுவன் இயற்கையை நேசிக்கவும், முதலாளியைக் கேள்வி கேளாதிருக்கவும் ஒரே மூச்சிற் பயிலுகின்றான். வேவுக்காரன் தான் பார்த்ததை மேலே சொல்ல வேண்டும். பார்த்ததைக் கொண்டு தானே ஒரு முடிவுக்கு வரலாகாது. இராணுவத்தின் இந்த ஒழுங்கு, சிறுவர் நூலில் நற்பண்பு என்னும் பெயரோடு வந்து அமர்கின்றது.

இதே நூல் போற்றும் மேபெக்கிங் முற்றுகையை எடுத்துக்கொள்வோம். 1899 ஒக்டோபர் தொடக்கம் 1900 மே வரை 217 நாட்கள் போவர்ப் படையினர் அந்நகரைச் சூழ்ந்திருந்தனர். உள்ளே பேடன் பவல் தலைமை தாங்கினார். வெள்ளையர் குடும்பச் சிறுவர்கள் செய்தி கொண்டோடும் அணியாகப் பயன்பட்டதை அவர் நூல் நயமாகச் சொல்கின்றது. ஆனால் அம்முற்றுகைக்கு இன்னொரு சாட்சி உண்டு. அங்கே நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராயிருந்த சோல் பிளாட்ஜே என்னும் இருபத்துமூன்று வயதுக் கறுப்பின இளைஞர் நாட்குறிப்பு எழுதி வந்தார். பின்னாளில் தென்னாபிரிக்கச் சுதேசிகளின் தேசிய காங்கிரசுக்கு முதற் செயலாளரானவர் அவர். அந்நாட்குறிப்பு எழுபது ஆண்டுகளுக்கு மேலாக மறைந்து கிடந்து 1973இலேதான் அச்சேறியது. அதைப் படிப்பவர்க்கு அதே நகரம் வேறாகத் தோன்றும். போவர்க் காவலைக் கடந்து கடிதங்களைச் சுமந்து சென்ற ஆபிரிக்க ஓட்டத் தூதர்களை அங்கே காண்கின்றோம். உயிரைப் பணயம் வைத்து வேவு பார்த்துவந்த கறுப்பர்களை அங்கே காண்கின்றோம். பசியால் வாடிய மக்களையும் காண்கின்றோம். உணவுப் பங்கீட்டில் வெள்ளையர்க்கும் கறுப்பர்க்கும் இடையே காட்டப்பட்ட வேற்றுமையை வரலாற்றாசிரியர் தோமஸ் பக்கன்ஹாம் 1979இல் விரிவாக எழுதினார். அவரது முடிவுகளோடு முரண்படும் ஆய்வாளரும் உளர். எனினும், பசியால் மடிந்தோர் பெரும்பாலும் ஆபிரிக்கரே என்பதை மறுப்பது அரிது. உலகச் சிறுவர்களுக்கு ஒரு சாட்சி மட்டும் நூலாகக் கிடைத்தது. மற்றச் சாட்சி எழுபது ஆண்டு காத்திருந்தது.

எங்கோ நடந்த போர்; நமக்கென்ன என்று கேட்போரும் இருக்கலாம். அப்போர் நம் மலைகளுக்கு அந்நியமானதன்று. 1900இல் இலங்கையிலிருந்து தென்னாபிரிக்கா சென்ற குதிரைப்படை அணியில் தோட்டத் துரைமார் பலர் இருந்தனர். அதே ஆண்டில், மலைநாட்டுத் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களின் ஐரோப்பியத் துரைமாரை மட்டுமே கொண்ட துப்பாக்கிப் படையொன்றும் இங்கே அமைக்கப்பட்டது. அது கலைக்கப்பட்டது 1949இலேதான். சிறைப்பிடிக்கப்பட்ட போவர்கள் ஏறத்தாழ ஐயாயிரம் பேர் கடல் கடந்து கொணரப்பட்டுத் தியத்தலாவையில் அடைக்கப்பட்டனர். 1912இல் மாத்தளையில் இந்நாட்டின் முதற் சாரணர் குழு தொடங்கிற்று.

அக்காலத்துத் தோட்டத்தில் 'வேலை கொடுப்போரிடம் விசுவாசம்' என்றால் பொருள் என்ன? கடன் தீர்ந்தாலன்றித் தோட்டம் மாற முடியாதபடி தொழிலாளியைக் கட்டிவைத்த துண்டு முறை 1921 வரை நீடித்தது. துரையின் பங்களா மேட்டிலும் லயம் பள்ளத்திலும் இருந்தன. பெரட்டுக் களத்திலிருந்து கொழுந்து மலை வரை கங்காணியின் கண்ணும் கணக்கப்பிள்ளையின் கண்ணும் தொடர்ந்தன. நிறை குறைந்தால் அரைப்பேர். வெளியார் உள்ளே வரின் அத்துமீறல் வழக்கு. ஆக, நம் முன்னோர் வேவு பார்த்தவர்கள் அல்லர், வேவு பார்க்கப்பட்டவர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் வேவுக்காரனின் கண்ணைப் புகழும் நூலை ஒரு சொற் கேள்வியுமின்றிப் படிக்கும்போது, தம் சொந்த வரலாற்றையே எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கப் பழகுகின்றார்கள்.

தமிழ் மரபு வேவுத்தொழிலை அறியாததன்று. 'சாரணர்' என்ற சொல்லே நமக்கு இரு பொருள் தருகின்றது. சிலப்பதிகாரத்தில் சாரணர் என்போர் வான்வழிச் செல்லும் சமண முனிவர். நிகண்டு வழக்கில் ஒற்றரும் சாரணரே. திருக்குறள் 'ஒற்றாடல்' என ஓர் அதிகாரமே வகுத்தது. ஆயின் அதை வைத்த இடம் பொருட்பால்; அரசனின் கடமைகளுக்கு நடுவே. பிள்ளைகளுக்கு உரிய அறமாக அதை வள்ளுவர் கூறவில்லை. இன்னுமொன்று: ஒரே ஒற்றனின் சொல்லை நம்பலாகாது, ஒருவரையொருவர் அறியாத மூவரின் சொல் ஒத்திருப்பின் மட்டுமே தெளியவேண்டும் என்பது அவ்வதிகாரத்தின் கருத்துக்களில் ஒன்று. அறிவு நூலை மதிப்பிட இதைவிட நல்ல அளவுகோல் நமக்கு வேண்டியதில்லை. போர் பற்றிய சிறுவர் நூலில் பார்த்தவனின் சாட்சி இருக்கட்டும். பார்க்கப்பட்டவனின் சாட்சி எங்கே? பின்னர் ஆராய்ந்து எழுதியவரின் சாட்சி எங்கே? ஒரே ஒற்றனின் கூற்றை அரசன் நம்பலாகாது எனின், பத்து வயதுப் பிள்ளை மட்டும் நம்பலாமா?

நம் நாட்டின் அண்மைக்காலப் போர் இவ்வினாவை இன்னும் கூர்மையாக்குகின்றது. இலங்கை இராணுவத்தின் 'ஆழ ஊடுருவும் அணி' என நாம் பத்திரிகைகளில் அறிந்த வேவுப் பிரிவைச் சுற்றி வீரக் கதைகள் பல வளர்ந்துள்ளன. அதே பிரிவோடு இணைத்துப் பேசப்படும் இன்னொரு பெயர் மிருசுவில். 2000 டிசம்பரில், இடம்பெயர்ந்திருந்த மக்கள் சிலர் தம் வீட்டையும் வளவையும் பார்க்கத் திரும்பிச் சென்றனர். அவர்களில் எண்மர் கொல்லப்பட்டனர். அவர்களுள் ஐந்து வயதுக் குழந்தையும் ஒன்று. அந்த அணியைச் சேர்ந்தவர் எனப் பத்திரிகைகள் குறித்த ஸ்டாப் சார்ஜன் ஒருவருக்கு 2015இல் கொழும்பு மேல் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 2019இல் உயர் நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. 2020 மார்ச்சில் அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச அவருக்கு மன்னிப்பளித்தார். வேவுப்படை பற்றி நாளை நம் மொழியிலோ சிங்களத்திலோ ஒரு சிறுவர் நூல் வருமாயின், அதில் இச்செய்திக்கு இடம் இருக்குமா? அணியினர் சுமந்த பாரத்தின் நிறையைச் சொல்லும் நூல், அந்தக் குழந்தையின் வயதையும் சொல்லுமா?

ஒரு பக்கத்தை மட்டும் சுட்டுவது நம் நோக்கமன்று. விடுதலைப் புலிகளும் வேவு அணிகளை வைத்திருந்தனர். அவர்களைப் பாடியும் எழுதியும் போற்றினர். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளை அவ்வியக்கம் படையிற் சேர்த்ததை ஐக்கிய நாடுகளின் சிறுவர் நிதியம் ஆண்டுக்காண்டு பதிவு செய்தது. வீரத்தின் கவர்ச்சியை மட்டும் பிள்ளைக்கு ஊட்டும் எழுத்து, எந்தக் கொடியின் கீழ் எழுதப்படினும், முடிவில் பிள்ளையையே கேட்கின்றது.

"சிறுவருக்கு அரசியல் எதற்கு? அவர்கள் அறியாப் பருவத்தினர், இன்பமாய் வாசிக்கட்டும்" என்று நல்லெண்ணத்தோடு கூறும் ஆசிரியர்களை அறிவோம். துப்பாக்கியின் நீளத்தைச் சொல்வது அறிவு, அதற்கு முன் நின்றவனைச் சொல்வது அரசியல் என்று கோடு போட்டவர் யார்? அக்கோடே ஓர் அரசியல். பிள்ளைகளைத் துயரக் காட்சிகளால் அச்சுறுத்த வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அந்த நிலத்தில் மக்கள் வாழ்ந்தார்கள் என்ற ஒரு பக்கம் போதும். மற்றதைப் பிள்ளையே கேட்கும். இத்தகைய நூல்களை நூலகத்திலிருந்து நீக்க வேண்டும் என்பதும் நம் கட்சியன்று. தடுக்கப்பட்ட நூல் இருமடங்கு கவரும். அதனருகே மற்றொரு நூலை வைப்பதே ஆசிரியரின் வேலை.

அந்த மற்றொரு நூலுக்குப் பொருள் தேடி நாம் தூரம் போக வேண்டியதில்லை. நம் மலைகளிலும் வேவு நடந்ததுண்டு. மக்களின் பொருட்டு நடந்தது. வெளியார் நுழைய முடியாத தோட்டங்களுக்குள் புடவை வியாபாரி வேடத்திற் புகுந்து, தொழிலாளரின் நிலையை நேரிற் கண்டறிந்தவர் கோ. நடேசய்யர். தஞ்சையிலிருந்து வந்த அவர் பின்னர் பத்திரிகை நடத்தினார். 1931இல் அட்டனை மையமாகக் கொண்டு தொழிற்சங்கம் கட்டினார். அவர் மனைவி மீனாட்சியம்மாள் தோட்டந்தோறும் பாட்டிசைத்து மக்களைத் திரட்டினார். மாறுவேடம் உண்டு, ஆபத்து உண்டு, கூர்ந்த கண் உண்டு. கிம்மின் கதையில் உள்ள எல்லாமே இங்கு உண்டு. வேற்றுமை ஒன்றுதான். கிம் கண்டதை ஆள்வோருக்குச் சொன்னான். நடேசய்யர் கண்டதை ஆளப்பட்டோருக்குச் சொன்னார். சிறுவர் படித்து மகிழத்தக்க படங்களோடு இவ்வரலாறு தோட்டப்புறப் பாடசாலைகள் அனைத்தையும் எட்டினால், அமெரிக்க வரிசை நூல்களின் கவர்ச்சி பாதியாகிவிடும்.

கண்ணைப் பயிற்றும் கலையை நாம் இழக்கவும் கூடாது. அது நமக்கு உயிர்ப் பிரச்சினை. 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்ணுள் புதைந்தன. அவ்விடம் அபாயமானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்னரே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை ஏட்டில் இருந்தது. மக்கள் லயத்தில் இருந்தனர். 2025 நவம்பரில் திட்வாப் புயலோடு மலையகத்திற் பல இடங்களில் மண் சரிந்தபோதும் நாம் கண்டது அதே துயரையே. நிலத்தில் விழும் வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரமும் கம்பமும், புதிதாகப் பீறிடும் ஊற்று, திடீரெனக் கலங்கும் அல்லது வற்றிவிடும் ஓடை ஆகியனவே மலை தரும் முன்னறிகுறிகள். இவற்றைப் பார்க்கவும், குறித்து வைக்கவும், லயத்தாருக்குச் சொல்லவும், தோட்ட நிர்வாகத்தையும் பிரதேச செயலகத்தையும் எழுத்தில் கேட்கவும் ஒரு பிள்ளைக்குக் கற்பிக்கும் நூலே இம்மலைநாட்டுக்கு வேண்டிய வேவு நூல். அதை எழுதத் தளபதி தேவையில்லை. புவியியல் கற்ற ஆசிரியர் ஒருவரும், தமிழ் கற்ற ஆசிரியர் ஒருவரும், படம் வரையத் தெரிந்த மாணவர் ஒருவரும் போதும்.

பங்களா ஏன் மேட்டில் இருக்கின்றது, லயம் ஏன் சரிவின் அடியில் இருக்கின்றது என்று ஒரு பிள்ளை கேட்கும் நாளில், அவன் கற்ற நோக்கும் கலை தனக்குரிய வேலையைத் தொடங்கிவிட்டது எனலாம். அக்கேள்வியை எழுப்பும் நூல்களை எழுதுவதும், எழுதப்பட்டவற்றைப் பிள்ளைகள் கைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் ஆசிரியர்களாகிய நம் கடன். மாணவ நண்பர்களும் இதில் நம்மோடு இணைவார்களாக.